வேலி நிலமும் சொல்லின் மதிப்பும்

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் (1770–1850) குடிப்பெயரைக் கேட்போர், 'சொற்களின் மதிப்பு' என்றே அதற்குப் பொருள் கொள்வர். கவிஞருக்கென்றே வாய்த்த பெயரோ என வியப்பதும் இயல்பே. ஆயின் சொல்லாய்வு காட்டும் பிறப்பு வேறு.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், ஹாலிஃபாக்ஸ் நகருக்கு அருகே வாட்ஸ்வொர்த் என்றோர் ஊர் உண்டு. பண்டைய நிலக்கிழான் ஒருவனின் பெயரோடு, வேலியிட்ட நிலத்தைக் குறித்த 'வொர்த்' என்னும் பழஞ்சொல் சேர்ந்தமைந்த பெயர் அது. 1086-ஆம் ஆண்டின் அரச நிலக்கணக்கிலேயே அவ்வூர் இடம்பெற்றுள்ளது. ஊர்ப்பெயர் குடிப்பெயராகி, நாவிலும் ஏட்டிலும் திரிந்து, 'வாட்' என்பது 'வேர்ட்' ஆயிற்று. திரியாத வடிவை அமெரிக்கக் கவிஞர் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெலோவின் (1807–1882) பெயரில் காணலாம். அவருடைய தாயார் பிறந்த குடியின் பெயர் அது.

திரிபு தந்த பொருளை வேர்ட்ஸ்வொர்த் உவந்தே ஏற்றார். 1787-இல், தம் 16-ஆம் வயதில், முதன்முதலாக அச்சேறிய கவிதைக்கு அவர் இட்டுக்கொண்ட புனைபெயர் 'ஆக்சியோலோகஸ்'. மதிப்பையும் சொல்லையும் சுட்டும் கிரேக்கச் சொற்களின் இணைப்பு அது.

முன்னோர் அவருக்கு விட்டுச்சென்ற பெயரில் இருந்தது ஒரு வேலி நிலமே. சொல்லின் மதிப்பை அவர் வாழ்நாளெல்லாம் உழைத்து ஈட்டினார். பெயரைப் பிறர் தருவர். அதற்குரிய பொருளைக் கவிஞரே தேட வேண்டும்.