வேட்டைப் படகில் ஏறி ஓர்க்கா பார்க்க...

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி வான்கூவர் தீவு என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அதன் வடகிழக்குப் பக்கமாகப் போகும் ஒடுக்கமான கடல் வழிக்கு ஜான்ஸ்டன் நீரிணை என்று பெயர். கோடை வந்துவிட்டால் இங்கே கயாக் படகுகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஏழெட்டுப் பேர். எஞ்சின் கிடையாது, துடுப்பு மட்டும்தான். வழியில் கடற்சிங்கம், கடல்நாய், வெண்தலைக் கழுகு எல்லாம் கண்ணில் படும். ஆனால் எல்லோரும் தேடி வருவது ஓர்க்காவைத்தான். கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அது உண்மையில் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரியது!

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் படகு பிறந்ததே வேட்டைக்காக. இந்த விலங்கையும் இதே கடலில் மனிதர்கள் ஒரு காலத்தில் சுட்டார்கள். பிறகு எப்படி இரண்டும் சுற்றுலாவில் வந்து சந்தித்தன?

முதலில் படகின் கதை.

கயாக் என்ற சொல்லே இனுயிட் மக்களுடைய மொழியிலிருந்து வந்தது. வட துருவப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடல்நாய் வேட்டைக்கு இதைப் பயன்படுத்தினார்கள். கடலில் மிதந்து வரும் மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்கள். படகு தாழ்வாக இருக்கும், சத்தம் போடாது. விலங்குக்குத் தெரியாமல் பக்கத்தில் போய்விடலாம். ஜான்ஸ்டன் நீரிணையின் பூர்வகுடிகளான க்வாக்வகவாக்வ் மக்களுக்கு இது சொந்தப் படகு அல்ல. அவர்கள் தேவதாரு மரத்தைக் குடைந்து பெரிய ஓடங்கள் செய்தவர்கள். ஓர்க்காவைத் தங்கள் மரத்தூண்களில் செதுக்கி வைத்து மதித்தவர்கள்.

பின்னால் வந்து குடியேறியவர்களுக்கு அந்த மதிப்பு இல்லை. மீனவர்களுக்கு ஓர்க்கா என்றால் சால்மன் மீனைத் தின்று தீர்க்கும் எதிரி. கண்டால் சுடுவது சாதாரணமாக இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் மீன்வளத் துறை ஒரு படி மேலே போனது. கேம்பல் ரிவர் நகருக்கு அருகே, ஓர்க்காக்கள் கடந்து போகும் குறுகலான இடத்தில், ஓர் இயந்திரத் துப்பாக்கியையே நிறுத்தி வைத்தது! நல்லவேளையாக அது ஒருமுறைகூட ஓர்க்காவை நோக்கிச் சுடவில்லை.

1964-ல் வான்கூவர் மீன்காட்சியகத்துக்கு ஓர் ஓர்க்கா சிலை தேவைப்பட்டது. ஓர் ஓர்க்காவைக் கொன்று, அதைப் பார்த்துச் சிலை செய்யலாம் என்று சிற்பி ஒருவரை அனுப்பினார்கள். எறியீட்டி பட்டும் அது சாகவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெண் என்று நினைத்து மோபி டால் என்று பெயர் வைத்தார்கள். பல வாரங்கள் பட்டினி கிடந்த அது, கடைசியில் மனிதர் கையிலிருந்து மீனை வாங்கித் தின்றது. மூன்று மாதத்துக்குள் இறந்தும் போனது. இறந்த பிறகுதான் அது ஆண் என்றே தெரிந்தது!

ஓர்க்காவின் மேல் இருந்த பயம் குறைந்தது. ஆனால் அதனால் ஓர்க்காவுக்கு நன்மை வரவில்லை. சாதுவான விலங்கு என்று தெரிந்ததும் எல்லா ஊர்க் காட்சியகங்களுக்கும் அது வேண்டியிருந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தக் கரையோரத்தில் 50-க்கும் மேற்பட்ட ஓர்க்காக்கள் பிடிபட்டன, அல்லது பிடிக்கும்போதே செத்தன. 1969-ல் பிடிபட்ட கார்க்கி என்ற பெண் ஓர்க்காவுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தொட்டியிலேயே கழிந்தது.

கடலில் மொத்தம் எத்தனை ஓர்க்காக்கள் இருந்தன? யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் இருக்கும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அதை உடைத்தவர் மைக்கேல் பிக் என்ற அரசு விஞ்ஞானி. 1971-ல் மீனவர்கள், கலங்கரை விளக்கக் காவலர்கள் எனப் பல ஆயிரம் பேருக்குப் படிவம் அனுப்பி, ஒரே நாளில் கண்ணில் பட்டதை எண்ணச் சொன்னார். சில நூறுதான் தேறின! பிறகு முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் அதன் பின்னால் உள்ள சாம்பல் நிறத் திட்டையும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பெயர் தெரியாத கூட்டம் தாய், மகன், பாட்டி என்று குடும்பங்களாக மாறியது. 1970-களின் பிற்பகுதியில் பிடிப்பதும் நின்றது.

அதே காலத்தில் பால் ஸ்பாங் என்ற ஆய்வாளர் மீன்காட்சியக வேலை முடிந்த பிறகு, 1970-ல் ஜான்ஸ்டன் நீரிணைக்கு அருகே ஹான்சன் தீவில் குடியேறினார். ஓர்க்காவைத் தொட்டியில் அல்ல, அதன் வீட்டிலேயே கவனிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் கயாக்கில் ஏறி ஓர்க்காக்களுக்கு அருகே துடுப்புப் போட்டார். 1980-ல் பக்கத்து டெலிகிராஃப் கோவ் சிற்றூரிலிருந்து திமிங்கிலம் காட்டும் படகு கிளம்பியது. தோலுக்குப் பதில் ஃபைபர் கிளாஸில் செய்த கயாக்குகள் பரவியிருந்த அந்தப் பத்தாண்டில், வழிகாட்டியுடன் போகும் கயாக் பயணங்களும் வந்துவிட்டன.

இந்த நீரிணையில் ராப்சன் பைட் என்று ஒரு வளைகுடா உண்டு. ஓர்க்காக்கள் கரையோரக் கூழாங்கற்களில் வயிற்றைத் தேய்த்துக்கொள்ள அங்கே வரும். அந்தப் பக்கம் மரம் வெட்டும் திட்டம் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 1982-ல் அது பாதுகாக்கப்பட்ட இடமானது. 1990-ல் பிக் இறந்த பிறகு அவருடைய பெயரும் அதற்குச் சேர்ந்தது. கயாக்கில் வருபவர்களும் உள்ளே போகாமல் விலகித்தான் போக வேண்டும்.

சத்தமே போடாத கயாக்குக்கு எதற்குக் கட்டுப்பாடு என்று கேட்கலாம். அந்த அமைதிதான் சிக்கல்! எஞ்சின் படகு வருவது தூரத்திலேயே கேட்டுவிடும். கயாக் திடீரென்று பக்கத்தில் தோன்றும். பாறையில் படுத்திருக்கும் கடல்நாய்கள் மிரண்டு தண்ணீரில் குதித்துவிடும். குட்டிகள் தாயைப் பிரிய நேரலாம். வேட்டைக்காரனுக்கு உதவிய அதே குணம் பார்வையாளன் கையிலும் தொல்லையாகிறது. அதனால் 2018-ல் கனடா தன் விதிகளைத் திருத்தியபோது, இந்தக் கரையில் ஓர்க்காவிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது கயாக்குக்கும் சேர்த்தேதான் வந்தது.

பலன் இருந்ததா? 1970-களின் தொடக்கத்தில் இந்த வட பகுதி ஓர்க்காக் கூட்டத்தில் சுமார் 120 இருந்தன. 2010-களின் இறுதியில் 300-ஐத் தாண்டிவிட்டன. 2002-ல் சியாட்டில் அருகே அநாதையாகத் திரிந்த ஸ்பிரிங்கர் என்ற குட்டியை இந்த நீரிணைக்கே கொண்டுவந்து விட்டார்கள். அது தன் சொந்தங்களோடு சேர்ந்தது. 2013-ல் அதுவே தாயானது!

மனிதன் இந்த விலங்கைத் துப்பாக்கி முனையில் பார்த்தான், கண்ணாடித் தொட்டியில் பார்த்தான், இப்போது கயாக்கில் உட்கார்ந்து பார்க்கிறான். படகு கிட்டத்தட்ட பழைய படகுதான். பக்கத்தில் போக முடிந்தும் 200 மீட்டர் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டதுதான் புதிது.