ஊட்டி மலை ரயில்: எந்தப் பக்கம் சீட் நல்லது? எப்போது புக் செய்தால் கிடைக்கும்? முழு விவரம்

பள்ளி லீவு விட்டாச்சு என்றாலே பல வீடுகளில் எழும் பேச்சு, "ஊட்டிக்கு மலை ரயில்ல போலாமா?" என்பதுதான். சிக்கல் என்னவென்றால், அந்தப் பேச்சு எழும் நேரத்தில் டிக்கெட் ஏற்கெனவே தீர்ந்து போயிருக்கும். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தைத் திறந்தால் வெயிட்டிங் லிஸ்ட் மட்டுமே கண்ணில் படும்.

ஜன்னல் ஓர சீட் கிடைக்குமா என்பதுதான் பெரும்பாலானோரின் முதல் கேள்வி. ஆனால் இந்த ரயிலைப் பொறுத்தவரை அது கடைசிக் கேள்வி. எந்தப் பகுதியில் பயணம், எந்தத் திசையில் பயணம், எந்த நாளில் புக்கிங் என்ற மூன்றையும் சரியாக முடிவு செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன ரயில்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து உதகமண்டலம் வரை சுமார் 46 கி.மீ. தூரம். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வழியில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 'உயிரே' படத்தில் ரயில் மேலேயே ஆடும் பாட்டு இருக்கிறதே, அது இந்த ரயில்தான்.

கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகவும் செங்குத்து. 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை போடப்பட்டிருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறும். இந்தியாவில் இந்த முறையில் ஓடும் ஒரே ரயில் பாதை இதுதான்.

எந்தப் பகுதியில் டிக்கெட் எடுப்பது?

டிக்கெட் எடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ஒரே பாதை என்றாலும், இது இரண்டு வேறு வேறு பயணம்.

மேட்டுப்பாளையம் – குன்னூர்: நீராவி எஞ்சின், பல்சக்கரப் பாதை, காடு, அருவி, ஆழமான பள்ளத்தாக்கு எல்லாம் இந்தப் பகுதியில்தான். ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக ரயில் நிற்கும். இறங்கி ஒரு டீ குடிக்கலாம், போட்டோ எடுக்கலாம்.

குன்னூர் – ஊட்டி: இங்கே டீசல் எஞ்சின். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும். தேயிலைத் தோட்டம், கேத்தி பள்ளத்தாக்கு, யூகலிப்டஸ் மரங்கள் என்று காட்சி வேறு மாதிரி இருக்கும். சுமார் 18 கி.மீ., ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

புகை கக்கும் எஞ்சினைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால், குன்னூர் – ஊட்டி டிக்கெட் எடுத்துவிட்டு ஏமாறக் கூடாது. அதே சமயம், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் உடன் இருந்தால் இந்தச் சின்னப் பயணமே வசதி. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் ரயில் ஊட்டி சேர கிட்டத்தட்ட மதியம் ஆகிவிடும். பெட்டிகளில் கழிப்பறை கிடையாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இடதா, வலதா?

மேலே ஏறும்போது இடது பக்கம் நல்லது என்று அடிக்கடி போய் வருபவர்கள் சொல்வார்கள். குன்னூர் வரை பள்ளத்தாக்கு அதிகமும் அந்தப் பக்கம் தெரியும். கீழே இறங்கும்போது அதுவே வலது பக்கமாகிவிடும். ஆனால் இத்தனை வளைவுகள் உள்ள பாதையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் காட்சி மாறி மாறி வரும். தவறான பக்கம் கிடைத்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம்: இருக்கைகள் எதிரெதிராக இருக்கும். ரயில் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், ரயிலின் இடது பக்கம் உங்கள் வலது கைப் பக்கமாகிவிடும். ஏறியதும் குழம்பாமல் இருக்க இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட சீட் நம்பரைத் தேர்வு செய்யும் வசதி ஆன்லைன் முன்பதிவில் இல்லை. சிஸ்டம் கொடுக்கும் எண்தான்.

முதல் வகுப்பு எடுத்தால் என்ன லாபம்?

நீராவி எஞ்சின் எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னால் இருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கும். பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு. இதனால் ஏறும்போது முதல் பெட்டிக்கு முன்னால் எஞ்சின் இருக்காது. பொதுவாக முதல் வகுப்பு அந்த முன் பெட்டியில்தான் இருக்கும். பாதையும் சுரங்கமும் நேராகவே தெரியும். முதல் வகுப்புக்கு இவ்வளவு போட்டி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் வகுப்பில் போனால் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். கடைசிப் பெட்டிக்காரர்களுக்கு எஞ்சின் சத்தமும் புகையும் பக்கத்திலேயே கிடைக்கும். கரித்துகள் படும் என்பதால் வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

எப்போது புக் செய்ய வேண்டும்?

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள். உதாரணமாக, மே 10-ம் தேதி மலை ரயிலில் போக வேண்டும் என்றால் மார்ச் 11 காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும்.

சென்னையில் இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருபவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். அந்த ரயில் முதல் நாள் இரவே கிளம்பிவிடும். அதனால் அதற்கான முன்பதிவு மார்ச் 10-ம் தேதியே தொடங்கிவிடும். இரண்டு டிக்கெட், இரண்டு நாள் காலை. இதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

தளத்தில் ஸ்டேஷன் குறியீடுகள்: மேட்டுப்பாளையம் – எம்டிபி, குன்னூர் – ஓஎன்ஆர், உதகமண்டலம் – யுஏஎம்.

முன்பதிவு தொடங்கும் நேரத்தில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே அனுமதி என்ற விதி 2025 அக்டோபரில் வந்தது. அன்று காலை ஆதார் ஓ.டி.பி.க்காகக் காத்திருந்தால் டிக்கெட் போய்விடும். சில நாள் முன்பே கணக்கைச் சரிபார்த்து, பயணிகள் பெயர், வயதைச் சேமித்து வைப்பது நல்லது. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை. தனி சீட் வேண்டும் என்றால் முழுக் கட்டணம்.

வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிட்டதா?

சார்ட் தயாரான பிறகும் அனைவரின் பெயரும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால், ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகி, சிறு கட்டணம் போக மீதிப் பணம் திரும்பி வரும். அந்த டிக்கெட்டை வைத்து ரயில் ஏற முடியாது. அதை நம்பி குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் வரை போய் நிற்க வேண்டாம்.

"கன்ஃபார்ம் டிக்கெட் இருக்கு, கொஞ்சம் கூடுதலாகும்" என்று யாராவது சொன்னால் உஷார். அனுமதி இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பது ரயில்வே சட்டப்படி குற்றம். வேறொருவர் பெயரில் உள்ள டிக்கெட்டில் பயணம் செய்து பிடிபட்டால், நடுவழியில் குழந்தைகளோடு மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

கிடைக்கவே இல்லை என்றால் மாற்று வழி

* ஏறுவதற்குப் பதில் இறங்கும் ரயிலைப் பாருங்கள். ஊட்டியில் மதியம் 2 மணிக்குப் புறப்படும் ரயில் மாலையில் மேட்டுப்பாளையம் வரும். அதே பாதை, அதே நீராவி எஞ்சின், நேரம் குறைவு. போட்டியும் பெரும்பாலும் குறைவு.

* சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் தேடுங்கள்.

* கோடையில் தெற்கு ரயில்வே சிறப்பு ரயில்களை அறிவிப்பது வழக்கம். கட்டணம் அதிகம் என்றாலும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

* குன்னூர் – ஊட்டி இடையே தினமும் சில முறை ரயில் உண்டு. பஸ்ஸில் குன்னூர் போய் அங்கிருந்து ஏறலாம். சொந்தக் காரில் போனால் இ-பாஸ் அவசியம். 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ரயிலிலும் அரசுப் பஸ்ஸிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

மழைக்காலத்தில் கவனம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நேரம். கல்லாறு – குன்னூர் இடையே மண் சரிந்து, பாறை உருண்டு ரயில் ரத்தாவது அடிக்கடி நடக்கும். ரயில்வே ரத்து செய்தால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்பும். ஆனால் ஓட்டல் அறைக்குக் கொடுத்த பணம் அப்படி வராது. இந்த மாதங்களில் போகிறவர்கள் முதல் நாளே ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஊட்டிக்கு பஸ் நேரத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது.