பெயர்ப்பதிவும் அன்றாட வருகையும்: குழந்தைகளை வகுப்பறைக்கு அழைத்து வருவது எது?

தொடக்கப் பள்ளியில் குழந்தைகளைச் சேர்க்கும் பணி பல நாடுகளில் ஏறத்தாழ நிறைவேறிவிட்டது. ஆனால், பதிவேட்டில் பெயர் உள்ள குழந்தை ஒவ்வொரு நாளும் வகுப்பறையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இந்தியாவின் நிலை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கிராமப்புறங்களில் பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் ஏசர் கணக்கெடுப்பின்படி, 2024ஆம் ஆண்டில் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளில் 98 சதவீதத்தினர் பள்ளிகளில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆனால் கணக்கெடுப்பாளர்கள் நேரில் சென்ற நாளன்று, அரசு தொடக்கப் பள்ளிகளில் காணப்பட்டவர்கள் சுமார் 76 சதவீதத்தினரே. 2018இல் இது 72 சதவீதமாக இருந்தது.

இந்தியக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களை வலியுறுத்துகிறது. மேற்கண்ட சராசரி ஆண்டு முழுவதும் நீடித்தால், ஒரு குழந்தை இழப்பது ஆண்டுக்குச் சுமார் 48 நாட்கள். ஐந்து ஆண்டுகளில் அது 240 நாட்கள், அதாவது ஒரு முழுக் கல்வியாண்டுக்கும் அதிகம். எழுத்தும் எண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் வயது அது. நேற்றைய பாடத்தைத் தவறவிட்ட குழந்தைக்கு இன்றைய பாடமும் எட்டாமல் போகிறது.

தானியமா, சமைத்த உணவா?

வருகையை உயர்த்தும் வழிகளில் நீண்ட வரலாறு கொண்டது பள்ளி உணவு. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் இதைத் தொடங்கியது. காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டமும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டமும் வந்தன. 2022 செப்டம்பரில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு மாநிலத்தின் அனைத்து அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

உணவு எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதும் முக்கியம். 1995இல் இந்திய அரசு நாடு தழுவிய திட்டத்தை அறிவித்தபோது, பல மாநிலங்கள் சமைத்த உணவுக்குப் பதிலாக மாதந்தோறும் தானியத்தையே வழங்கின. சமைத்த உணவே வழங்கப்பட வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த மாற்றத்திற்குப் பின் மத்தியப் பிரதேசத்தில் பொருளியலாளர் ஃபர்சானா அஃப்ரிதி மேற்கொண்ட ஆய்வில், கீழ்வகுப்புச் சிறுமிகளின் வருகை 10 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் உயர்ந்திருந்தது தெரியவந்தது. தானியத்தைப் பெற்றோர் மாதம் ஒருமுறை பெற்றுச் செல்லலாம். சமைத்த உணவை உண்ண வேண்டுமானால் குழந்தை அன்றைக்குப் பள்ளியில் இருந்தாக வேண்டும்.

பணமும் மருந்தும்

மெக்சிகோ வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1997இல் தொடங்கிய புரோகிரெசா திட்டத்தின்கீழ், பிள்ளைகள் 85 சதவீத நாட்கள் பள்ளிக்கு வந்தால் தாய்மாரிடம் உதவித்தொகை வழங்கப்பட்டது. இடைநிலைப் பள்ளிகளில், குறிப்பாகச் சிறுமிகளிடையே, இதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கை முன்னரே உயர்ந்திருந்ததால், அங்கு மாற்றம் குறைவாகவே இருந்தது. பெயர் மாறி மாறித் தொடர்ந்த இத்திட்டம் 2019இல் முடிவுக்கு வந்தது.

நோயும் குழந்தைகளை வீட்டில் நிறுத்திவிடுகிறது. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998 முதல் 75 பள்ளிகளில் கட்டங்கட்டமாகக் குடற்புழு நீக்க மருந்து வழங்கப்பட்டது. பள்ளிக்கு வராதிருத்தல் கால்பங்கு குறைந்ததாக எட்வர்ட் மிகுவெல், மைக்கேல் கிரெமர் ஆகியோர் 2004இல் எழுதினர். 2015இல் வெளியான மறுஆய்வு ஒன்று, இந்தப் பலனின் அளவு குறித்துக் கேள்வி எழுப்பியது. எனினும் மருந்தின் செலவு மிகக் குறைவு என்பதில் சர்ச்சை இல்லை. இந்தியாவிலும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆசிரியர் வராத நாள்

மாணவர் வருகையைப் பற்றிப் பேசுவோர் ஆசிரியர் வருகையை மறந்துவிடுவதுண்டு. ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில், சேவா மந்திர் அமைப்பு நடத்திய ஓராசிரியர் மையங்களில் 2003இல் ஒரு சோதனை தொடங்கியது. ஆசிரியர்கள் மாணவர்களுடன் நாள்தோறும் புகைப்படம் எடுக்க வேண்டும். அவற்றில் பதிவாகும் நாட்களைக் கொண்டே ஊதியம் கணக்கிடப்படும். ஆசிரியர் வராத நாட்களின் பங்கு 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. பூட்டிய கதவின் முன் வந்து நின்று திரும்பும் குழந்தையிடம் ஒழுங்கான வருகையை எதிர்பார்க்க இயலாது.

சட்டத்தின் எல்லை

வராத நாட்களுக்குத் தண்டனை விதிக்கும் நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் அனுமதியின்றிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம் விதிக்கப்படலாம். 2024 ஆகஸ்ட் முதல் இது 21 நாட்களுக்குள் செலுத்தினால் 80 பவுண்டு, அதன்பின் 28 நாட்களுக்குள் என்றால் 160 பவுண்டு. 'ஒழுங்காக வருதல்' என்பது பள்ளியின் விதிகளின்படி வருதலையே குறிக்கும் என்று 2017இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி நாட்களில் தாயகத்துக்குப் பயணம் செல்லும் தமிழ்க் குடும்பங்களையும் இது பாதிக்கிறது.

ஆயினும், பள்ளி நேரத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழக்கும் மாணவர்களின் அளவு, எல்லா நிலைப் பள்ளிகளையும் சேர்த்து, 2018-19இல் 10.9 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 22.5 சதவீதமாக உயர்ந்தது. 2023-24இலும் அது சுமார் 20 சதவீதம். அபராதங்களில் பெரும்பாலானவை விடுமுறைப் பயணங்களுக்கானவை. உடல்நலக் குறைவு, மனப்பதற்றம், வறுமை ஆகியவற்றுக்கு அவை மருந்தாவதில்லை.

இலங்கையிலும் கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இன்றிப் பள்ளிகளே மூடப்பட்டபோது, அந்தச் சட்டத்தால் எதுவும் செய்ய இயலவில்லை.

இந்த அனுபவங்கள் சுட்டுவது ஒன்றுதான். எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே தீர்வு இல்லை. குழந்தை எந்தக் காரணத்தால் வீட்டில் தங்குகிறதோ அதை நீக்கும் ஏற்பாடே பலன் தருகிறது. ஆகவே வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று குறிக்கப்படும்போது, அன்றே அந்த வீட்டில் காரணம் கேட்கப்படுகிறதா என்பதே முதற் கேள்வி. உணவா, பணமா, மருந்தா, ஆசிரியரா, சட்டமா என்ற தேர்வு அதற்குப் பின்னரே வருகிறது.