கூழ்மங்களின் வகைப்பாடு

கூழ்மம் என்பது, ஒரு பொருள் ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களாக இன்னொன்றில் பரவி நிற்கும் நிலை. பரவியிருப்பது பிரிகை நிலைமை. அதைத் தாங்குவது பிரிகை ஊடகம். 1861இல் தாமஸ் கிரகாம், சவ்வின் வழியே எளிதில் ஊடுருவும் உப்பு, சர்க்கரை போன்றவற்றை ஒரு பக்கமும், ஊடுருவாத பசை, ஜெலட்டின் போன்றவற்றை மறு பக்கமும் வைத்து, பொருள்களையே இரு குலங்களாக்கினார். அது நிலைக்கவில்லை. நீரில் உண்மைக் கரைசலாகும் சமையலுப்பைப் பென்சீனில் கூழ்மமாக்கலாம். நீரில் கூழ்மமாகும் சோப்பு ஆல்கஹாலில் வெறுமனே கரைந்துவிடுகிறது.

பாடநூல்களில் முதலிடம் பெறுவது இயற்பியல் நிலைமைகளை வைத்துப் போடும் அட்டவணை. திண்மம், நீர்மம், வாயு மூன்றையும் இணைத்தால் ஒன்பது சேர்க்கைகள். வாயுக்கள் தம்முள் முழுமையாகக் கலந்துவிடுவதால் எஞ்சுவன எட்டு. புகை, மூடுபனி, நுரை, பால்மம், களி எல்லாம் இதில் இடம்பெறும். பார்த்தவுடன் பெயரிட முடிகிறது என்பது இதன் வலிமை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெயரைத் தாண்டி அது அதிகம் சொல்வதில்லை. பொற்கூழ்மமும் ஜெலட்டின் கூழ்மமும், திண்மம் நீர்மத்தில் பரவிய ‘சோல்’ என்ற ஒரே கட்டத்தில் அமர்கின்றன. முன்னது சிறிதளவு உப்பிலேயே திரிந்துவிடும், உலர்த்தினால் மீளாது. பின்னது உலர்ந்த பிறகும் வெந்நீரில் மீண்டுவிடும். பாலோ, கொழுப்பால் பால்மமாகவும் கேசின் துகள்களால் சோலாகவும் ஒரே நேரத்தில் இரு கட்டங்களில் நிற்கிறது.

பொற்கூழ்மத்துக்கும் ஜெலட்டின் கூழ்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவது, கரைப்பானை விரும்புபவை, வெறுப்பவை என்ற பகுப்பே. வெறுப்பவற்றைப் பெரிதும் காப்பது துகள்களின் மின்சுமை. எதிர்மின்சுமை கொண்ட ஆர்செனிக் சல்பைடு சோலைத் திரிக்க லிட்டருக்குச் சுமார் 50 மில்லிமோல் சோடியம் குளோரைடு வேண்டும். மும்மின்சுமை கொண்ட அலுமினிய அயனியில் 0.1 மில்லிமோலே போதும். ஷுல்ஸ்–ஹார்டி விதி இதைத்தான் சொல்கிறது. ஜெலட்டின் சேர்த்தால் பொற்கூழ்மமும் உப்பைத் தாங்குகிறதே, எல்லைக்கோடு அழிந்துவிட்டதல்லவா என்று கேட்கலாம். பொன் துகளின் மேல் நீரை விரும்பும் உறை படிவதால் வரும் பாதுகாப்பு அது. எனவே அதை விளக்கவும் இப்பகுப்பே தேவைப்படுகிறது. இதைவிடக் கடினமான ஆட்சேபம் சோப்பு வகைகளிடமிருந்து வருகிறது. சோடியம் லாரில் சல்பேட்டு 25 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோல் வரை தனி அயனிகளாகவே இருக்கும். அதைத் தாண்டினால் மைசெல்களாகத் திரளும், நீர்த்தால் தானே பிரியும். இங்கே விருப்பும் வெறுப்பும் ஒரே மூலக்கூறின் இரு முனைகளில் இருப்பதால், பல மூலக்கூறுக் கூழ்மம், பெருமூலக்கூறுக் கூழ்மம், இணைந்த கூழ்மம் என்ற மூன்றாவது பகுப்பும் தேவையாகிறது. புரதம் போன்ற பெருமூலக்கூறுகளில் ஒற்றை மூலக்கூறே கூழ்ம அளவை எட்டுவதால், வெப்ப இயக்கவியல் நோக்கில் அவை உண்மைக் கரைசல்களே.