பயன் என்னும் அளவுகோல்: மைசூர் நிறுவனங்களும் சுவாங் ட்சுவின் மனிதர்களும்

மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் கட்டடத்துக்கு 1966 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டியவர் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன். 1918 முதல் 1921 வரை அதே ஊரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். 1944இல் சீனாவில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒன்றைத் தாவோயியத்துக்கு ஒதுக்கியவர். அடிக்கல்லுக்கும் அந்தச் சொற்பொழிவுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது: ஊனமுற்ற மனிதரின் மதிப்பை மைசூர் எதைக்கொண்டு அளந்து வந்திருக்கிறது?

அமிர்தசரஸில் 1887இலும் பாளையங்கோட்டையில் 1890களிலும் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான பள்ளிகளைத் தொடங்கியவர்கள் மிஷன் பெண்கள். மைசூரில் 1901இல் பார்வையற்ற, காது கேளாத சிறுவர்களுக்குப் பள்ளி கண்டவர் எம். சீனிவாச ராவ். வாசலில் சோறிடுவதோடு நின்ற தர்மம் எழுத்தும் கைத்தொழிலும் கற்றுத்தரும் பொறுப்பாக மாறியது சிறிய மாற்றமல்ல. ஆனால் அந்த மாற்றத்துக்குள்ளேயே ஒரு நிபந்தனையும் இருந்தது: உழைத்துக் காட்டு, மதிக்கிறோம். குறள் 618க்கு உறுப்புக் குறை என்று பொருள் கொள்ளும் உரைகளும் இதையே சொல்கின்றன: குறை பழியல்ல, முயலாமையே பழி. கனிவான வாக்குதான், முயலவே இயலாதவருக்கு அதில் இடம் எங்கே?

1965இல் தொடங்கிய பேச்சு, செவித்திறன் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வந்தது. பள்ளியின் மாணவர் இங்கே நோயாளியானார். வகுப்பறையின் இடத்தில் பரிசோதனை அறை. 1991இல் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் உடல் ஊனமுற்றோருக்கென ஒரு பாலிடெக்னிக்கைத் தொடங்கியபோது இலக்கு மீண்டும் வேலையாயிற்று. இவை எத்தனையோ பேருக்கு வாழ்க்கை தந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அளவுகோல் மட்டும் மாறவில்லை: குறையைச் சரிசெய், அல்லது குறையோடு பயன்படு.

கி.மு. நான்காம் நூற்றாண்டின் தாவோயியச் சிந்தனையாளர் சுவாங் ட்சு இந்த அளவுகோலைத்தான் ஒடித்துப் போடுகிறார். அவர் பெயரில் வழங்கும் நூலின் நான்காம் இயலில் ஷூ என்றொருவன் வருகிறான். முகவாய் தொப்புளருகே, தோள்கள் தலைக்கு மேலே. துணி தைத்தும் வெளுத்தும் வயிற்றைக் கழுவுகிறான். தானியம் புடைத்தால் பத்துப் பேருக்குச் சோறு கிடைக்கும். படைக்கு ஆள் பிடிக்க வருகிறார்கள்; அவன் கைவீசி நடக்கிறான். நோயாளிகளுக்கு அரசு தானியம் அளக்கும்போது அவனுக்கும் மூன்று படியளவும் பத்துக் கட்டு விறகும். ஐந்தாம் இயலில் தண்டனையாகப் பாதம் வெட்டப்பட்ட ஷென்து ஜியா. அவனோடு சேர்ந்து நடக்கக் கூசுகிறான் அமைச்சன் ட்சு சான். ஒரே ஆசானிடம் பத்தொன்பது ஆண்டு கற்றேன், என் கால் குறைந்ததை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்கிறான் ஷென்து ஜியா. அமைச்சன் வெட்கிப்போகிறான். குறை பார்ப்பவனிடம்தான் இருக்கிறது என்பதைச் சுவாங் ட்சு வாதமாக வைக்கவில்லை. கதைமாந்தரின் வாய்ச்சண்டையாகவே விடுகிறார்.

ஏழாம் இயலின் ஹுன்துன் கதை செவித்திறன் மருத்துவத்துக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துவது. கண், காது, வாய் எதுவுமில்லாத ஹுன்துனுக்கு உபகாரம் செய்ய நினைத்த நண்பர்கள் நாளொரு துளையிடுகிறார்கள். ஏழாம் நாள் அவன் இறந்துபோகிறான். செவிக்கருவியை மறுக்க இக்கதையை நான் எடுக்கவில்லை. கேளாதவரைப் பேசவைப்பதே ஒரே வழி என்ற கல்விமுறை சைகைமொழியை எவ்வளவு காலம் ஒதுக்கியது என்று பார்த்தால் கதையின் எச்சரிக்கை புரியும். இந்திய சைகைமொழிக்கான தேசிய ஆய்வு மையம் 2015இல்தான் அமைந்தது.

அதே நேரம் தாவோயியத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். ஷூவின் சுதந்திரம் அரசு தானியத்தை நம்பியது; பயனின்மையைப் போற்றுவது பசியறியாதவருக்கு எளிது. இந்தியாவின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016இல் கண்ணியத்தை உரிமையாக எழுதியது, ஊன வகைகளை ஏழிலிருந்து 21 ஆக்கியது. ஆனால் இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 விழுக்காடு ஊனமென்று மருத்துவச் சான்று வேண்டும். ஷூவும் நோயாளி என்ற கணக்கில்தான் விறகு வாங்கினான். அவனுடைய கோணலை விழுக்காடாகக் கணக்கிட்டவர் மட்டும் அக்கதையில் இல்லை.