பட்டியலில் இடம் யாருக்குச் சொந்தம்?
தொடர் அணுகல் பட்டியல்கள் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் வளர்ந்த வரலாறு

ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில், 1966-67 குளிர்காலத்தில், ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் ஒரு சுங்கச்சாவடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் சாவடி, அதன் முன்னே லாரிகளும் பேருந்துகளும் வரிசையில். இதைக் கணினியில் உருவகப்படுத்த ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனக்கு முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் லாரி வேறு, பேருந்து வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக வரிசை நிரலை எழுதுவதா?

அவர்கள் கண்ட விடை இதுதான்: முன்-பின் சுட்டுகளை மட்டும் கொண்ட ‘லிங்க்’ என்ற இனக்குழுவை (கிளாஸ்) ஒருமுறை எழுதி வைத்துக்கொள்வது, லாரியோ பேருந்தோ, எதை வேண்டுமானாலும் அதன் மேல் ஒட்டி ஒரே பொருளாக ஆக்கிக்கொள்வது. இன்று மரபுரிமம் என்று பள்ளிப் பாடநூலிலும் படிக்கும் உத்தி பிறந்த இடம் இது. நிரல்மொழிகளின் வரலாறு குறித்து 1978இல் நடந்த மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையில் இருவரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பொருள்நோக்கு நிரலாக்கம் கற்பவருக்குப் பயிற்சிக் கணக்காக, இப்படிச் சுட்டுகளால் கோத்த தொடுப்புப் பட்டியலைத் தருவது இன்றைய வழக்கம். வரலாறு எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது: பட்டியலை எழுதும் தேவைதான் மரபுரிமத்தைக் கொண்டுவந்தது.

அந்தப் பட்டியலோடு ஒரு கேள்வியும் சேர்ந்து பிறந்தது. பட்டியலில் ‘இப்போது இந்த இடத்தில் நிற்கிறேன்’ என்ற தகவலை யார் வைத்திருப்பது? உறுப்பா, பட்டியலா, இரண்டும் அல்லாத மூன்றாவது பொருளா? அடுத்த முப்பது ஆண்டுகளில் வந்த மொழிகள் இதற்குத் தந்த வெவ்வேறு விடைகளே தொடர் அணுகல் பட்டியலின் வரலாறு.

கேள்வி ஏன் எழுகிறது என்பதற்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். அணியில் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும். ஐநூறாவது உறுப்பு வேண்டுமென்றால் தொடக்க முகவரியோடு ஒரு பெருக்கலும் கூட்டலும் போதும். தொடுப்புப் பட்டியலில் அது நடக்காது. புது ஊரில் கதவு எண் தெரியாமல் வீடு தேடுபவர், ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்து அடுத்த வீட்டுக்குப் போவதைப் போல, உறுப்பையும் அடுத்ததன் சுட்டையும் கொண்ட முதல் கணுவிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் நடக்க வேண்டும். அதற்கு ஈடாக, ஓரிடத்தை அடைந்துவிட்டால் அங்கே புதிதாக ஒன்றை நுழைக்கவோ இருப்பதை எடுக்கவோ இரண்டு மூன்று சுட்டுகளை மாற்றினால் வேலை முடிந்தது. ஆகவே இந்தப் பட்டியலில் மதிப்புள்ள செய்தி, அடைந்துவிட்ட இடம். அதைத் தொலைத்தால் திரும்பவும் முதலிலிருந்து நடை.

1950களின் நடுவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் நிரல் ஒன்றை ராண்ட் நிறுவனத்தின் ஜானியாக் கணினிக்காக எழுதியபோது இந்த அமைப்புக்கு வந்தார்கள். ஒரு நிறுவல் எத்தனை படி நீளும் என்று முன்கூட்டியே தெரியாது. அணிக்கு அளவு குறித்து இடம் ஒதுக்கவும் முடியாது. எனவே ஐபிஎல் என்ற மொழியை உருவாக்கி, பட்டியலை அதன் அடிப்படைப் பொருளாக வைத்தார்கள். நியூவெலும் ஷாவும் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் கட்டங்களும் அவற்றை இணைக்கும் அம்புக்குறிகளும் வரையப்பட்டிருக்கின்றன. இன்றும் ஆசிரியர்கள் கரும்பலகையில் வரைவது அதே படம்தான். அடுத்து ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப் வந்தது. ஐபிஎம் 704இன் 36 பிட் சொல்லுக்குள் 15 பிட் அளவிலான இரு பகுதிகள் இருந்தன. அவற்றில் ஒன்று உறுப்பைக் காட்டியது, மற்றது மீதிப் பட்டியலைக் காட்டியது. பயன்படாத கணுக்களைத் தானே திரட்டி மீட்கும் குப்பை சேகரிப்பும் லிஸ்போடு வந்தது. பின்னாளில் ஜாவா போன்ற மொழிகளில் பட்டியல் எழுதுவது எளிதானதற்குப் பெரிய காரணம் அது.

இவை எவற்றிலும் பொருள் என்ற கருத்து இல்லை. டோனி ஹோர் 1960களின் நடுவில் முன்வைத்த பதிவு இனங்கள் இடைப்பாலமாக அமைந்தன. ஒரு சுட்டு எந்த வகைப் பதிவைக் காட்டலாம் என்பதை நிரல்பெயர்ப்பி முன்னதாகவே சரிபார்க்கும் வழி அது. பட்டியலின் முடிவைக் குறிக்கும் வெற்றுச் சுட்டும் 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் அவர் கையால் நுழைந்தது. அதைத் தம் பில்லியன் டாலர் தவறு என்று 2009இல் அவரே வருந்தினார்.

தங்கள் சிமுலா 67 மொழியில் டாலும் நைகார்டும் பட்டியலுக்கென்று ‘சிம்செட்’ என்ற அமைப்பு இனக்குழுவைச் சேர்த்தார்கள். அதன் அழகு சிக்கனத்தில் இருக்கிறது. ‘லிங்கேஜ்’ என்ற பொதுத் தாய் இனக்குழு. அதன் கீழ் உறுப்பாக ‘லிங்க்’, பட்டியலின் தலையாக ‘ஹெட்’. தலையும் ஒரு கணுவாக இருந்து வட்டத்தை மூடிவிடுவதால், பட்டியல் வெறுமையாக இருக்கிறதா, நுழைப்பது முதலிலா கடைசியிலா என்றெல்லாம் தனித்தனியே சோதிக்க வேண்டியதில்லை. இங்கே இடம் என்பது உறுப்பேதான். லாரிக்கு அடுத்தது எது என்று லாரியையே கேட்கலாம். வரிசையிலிருந்து விலகு என்று லாரிக்கே சொல்லலாம்.

இதற்கு ஒரு விலை இருந்தது. முன்-பின் சுட்டுகள் பொருளுக்குள்ளேயே இருப்பதால், ஒரு லாரி ஒரே நேரத்தில் ஒரு வரிசையில்தான் நிற்க முடியும். வேறொன்றில் சேர்த்தால் பழையதிலிருந்து தானே விலகிவிடும். சுங்கச்சாவடிக்கு இது பொருத்தம். ஆனால் ஒரே மாணவரை வகுப்புப் பட்டியலிலும் விளையாட்டுக் குழுப் பட்டியலிலும் வைக்க வேண்டியவருக்கு இது தடை. ஸ்மால்டாக்-80 மொழியும் இதே வழியைப் பின்பற்றியது. அதில் ‘பிராசஸ்’ என்ற இனக்குழு லிங்கின் வாரிசு. ‘செமஃபோர்’ என்பது தொடுப்புப் பட்டியலின் வாரிசு. காத்திருக்கும் செயல்கள் செமஃபோரில் கோத்துக்கொண்டு நிற்கும். ஒரு செயல் ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் காத்திருக்கும் என்பதால் தடை அங்கே தடையாகவே தெரியவில்லை.

எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் அவர் குழுவினரும் 1970களில் உருவாக்கிய சிஎல்யு மொழி வேறொரு கவலையிலிருந்து தொடங்கியது. தரவுக் கட்டமைப்பின் உள்ளுறுப்புகள் வெளியே தெரியக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. பட்டியலைக் கடக்க விரும்பும் நிரலர் சுட்டுகளைத் தொட்டுவிட்டால் கொள்கை உடைந்துவிடும். எனவே உறுப்புகளை ஒவ்வொன்றாக வழங்கி, இடையில் நின்று, மீண்டும் தொடரும் இட்டரேட்டர் என்ற செயல்வகையை மொழியிலேயே சேர்த்தார்கள். நடை போகும் இடம் இப்போது உறுப்புக்கு வெளியே வந்துவிட்டது. ஆனாலும் அது ஒரு ‘ஃபார்’ மடக்குக்குள் அடைபட்டிருந்தது. எடுத்து வேறொருவர் கையில் கொடுக்க முடியாது.

பெர்ட்ராண்ட் மேயர் உருவாக்கிய ஐஃபெல் மொழியின் நூலகம் இடத்தைப் பட்டியலுக்கே கொடுத்தது. பட்டியலுக்குள் ஒரு கர்சர் இருக்கும். தொடக்கத்துக்குப் போ, முன்னே நகர், இங்கே இருப்பதைக் காட்டு, கடைசியைத் தாண்டிவிட்டாயா என்றெல்லாம் பட்டியலிடமே கேட்கலாம். 1988இல் வந்த தம் நூலில் மேயர் இந்த வடிவமைப்புக்காக விரிவாக வாதாடுகிறார். படிக்கப் படிக்க நியாயமாகவே தோன்றும் வாதம் அது. நுழைத்தல், நீக்கல் எல்லாமே சின்னச் சின்ன நிரல்களாகிவிடுகின்றன. சிக்கல், ஒரே பட்டியலை இருவர் கடக்கும்போது வருகிறது. ஒரு நடையின் நடுவே அழைக்கப்பட்ட வேறொரு நிரல்கூறு கர்சரை நகர்த்திவிட்டால் வெளி நடை தடம் மாறிவிடும். அதனால் கர்சரின் நிலையைச் சேமித்து, பிறகு அதே இடத்துக்குத் திரும்பும் வசதியையும் ஐஃபெல் தர வேண்டியிருந்தது. சேமிக்கத்தக்க தனிப் பொருளாக இடம் ஆனபோதே, அதைப் பட்டியலுக்குள் வைத்திருப்பதன் நியாயம் பாதி கரைந்துவிட்டது என்றே இக்கட்டுரை கருதுகிறது.

முழுப் பிரிவினையை நடத்தியவர் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். டேவிட் மஸ்ஸருடனும் மெங் லீயுடனும் சேர்ந்து அவர் வளர்த்த எஸ்டிஎல் நூலகம் 1994 ஜூலையில் சி++ தரக்குழுவின் ஏற்பைப் பெற்றது. இட்டரேட்டர்களை அவற்றின் திறனைக் கொண்டு தரம் பிரித்தது அதன் சிறப்பு: முன்னே மட்டும் போவது, இரு திசையிலும் போவது, நினைத்த இடத்துக்குத் தாவுவது. பட்டியல் இரண்டாவது தரத்தைத்தான் தரும். தாவல் தேவைப்படும் பொது வரிசைப்படுத்தல் நிரலை அதன் மீது ஏவினால் நிரல்பெயர்ப்பே நடக்காது. பட்டியல் தனக்கென்று ஒரு வரிசைப்படுத்தலை வைத்திருக்கிறது. மெதுவாக ஓடி நேரத்தைத் தின்றிருக்கக்கூடிய பிழையை, ஓடுவதற்கு முன்பே மறுத்துவிடும் நேர்மை அது.

ஜாவாவின் முதல் பதிப்பில் தொடுப்புப் பட்டியல் இல்லை. ‘வெக்டர்’ இருந்தது, அதைக் கடக்க ‘எனுமரேஷன்’ இருந்தது. 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் ஜோஷுவா ப்ளாக் வடிவமைத்த கலெக்ஷன்ஸ் கட்டமைப்பு சேர்ந்தது. அதற்குள் அதிகம் பேசப்படாத இனக்குழு ஒன்று இருக்கிறது: ‘அப்ஸ்ட்ராக்ட் சீக்வென்ஷியல் லிஸ்ட்’. இந்த வரலாற்றின் மொத்தச் சாரமும் அதில் இருப்பதால் சற்று நின்று பார்க்கத் தகும்.

அதன் தாய் இனக்குழுவான ‘அப்ஸ்ட்ராக்ட் லிஸ்ட்’டை நீட்டித்துப் பட்டியல் எழுதுபவர், இத்தனையாவது உறுப்பைக் கொடு என்பதையும் அளவைச் சொல் என்பதையும் எழுதினால் போதும், கடக்கும் இட்டரேட்டர் அவற்றிலிருந்து தானே விளையும். தொடர் அணுகல் இனக்குழுவில் இது தலைகீழ். எழுதுபவர் தர வேண்டியது குறித்த இடத்தில் தொடங்கும் ‘லிஸ்ட் இட்டரேட்டர்’ ஒன்றும் அளவும் மட்டுமே. இத்தனையாவது உறுப்பு என்ற கேள்விக்கு, இனக்குழு அந்த இடத்தில் ஓர் இட்டரேட்டரை உருவாக்கி, அடுத்ததைக் கேட்டு, விடையைத் திருப்புகிறது. எண்ணால் அணுகுதலும் நுழைத்தலும் நீக்கலும் நடையின் மேல் கட்டப்பட்டவை. அணியில் எண் முதன்மை. இங்கே இடம் முதன்மை.

அந்த இடம் எங்கே என்பதிலும் ப்ளாக்கின் வடிவமைப்பு துல்லியமானது. ஐஃபெல் கர்சர் உறுப்பின் மேல் நிற்கும். ஜாவாவின் கர்சர் இரு உறுப்புகளுக்கு இடையில் நிற்கிறது. நான்கு உறுப்புகள் என்றால் ஐந்து இடைவெளிகள். வெறும் பட்டியலிலும் ஓர் இடைவெளி உண்டு, எனவே அங்கும் நுழைக்கலாம். நீக்குவதும் மாற்றுவதும் கடைசியாகக் கடந்துவந்த உறுப்பின் மீது நிகழும். ஒன்றையும் கடக்காமல் நீக்கச் சொன்னால் விதிவிலக்கு எறியப்படும். இருவர் கடக்கும் பழைய சிக்கலுக்கு ஒரு மாற்ற எண்ணி வந்தது. பட்டியல் வேறு வழியில் மாறியிருந்தால் இட்டரேட்டர் அடுத்த அடியிலேயே பிழையை அறிவித்து நின்றுவிடும். சி++ பட்டியலில் ஓர் இட்டரேட்டர் காட்டும் உறுப்பு நீக்கப்படாதவரை அது செல்லும், ஜாவாவில் செல்லாது. ஜாவாவின் இட்டரேட்டர் தான் நிற்கும் இடத்தின் எண்ணையும் கூடவே சுமக்கிறது. பட்டியலில் அதற்கு முந்தைய இடம் எதிலாவது ஓர் உறுப்பு நுழைந்தாலே அந்த எண் பொய்யாகிவிடும்.

எண் என்ற இந்தச் சலுகைதான் பின்னர் தொல்லையாயிற்று. அணிப் பட்டியலும் தொடுப்புப் பட்டியலும் ஒரே ‘லிஸ்ட்’ இடைமுகத்தின் பின்னே நின்றதால், எண்ணைக் கொண்டு மடக்கு எழுதியவருக்கு வேறுபாடு தெரியவில்லை. ஜாவாவின் ‘லிங்க்டு லிஸ்ட்’ அருகிலுள்ள முனையிலிருந்து நடக்கும். அப்படியும் 10,000 உறுப்புகளை எண் கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டால் ஏறத்தாழ 2.5 கோடி அடிகள். இட்டரேட்டரில் 10,000 அடிகள். 2002இல் வந்த 1.4 பதிப்பு ‘ரேண்டம் ஆக்சஸ்’ என்ற வெற்று இடைமுகத்தைச் சேர்த்தது. அதில் ஒரு செயல்கூறும் இல்லை. தாவ முடிந்த பட்டியல் என்ற அடையாளம் மட்டுமே. உறுப்புகளைக் கலைத்து அடுக்கும் நூலக நிரல் அந்த அடையாளம் இல்லாத பட்டியலைக் கண்டால், அது மிகச் சிறியதாக இல்லாதவரை, அணியில் நகலெடுத்துக் கலைத்துத் திருப்பி எழுதுகிறது. ஸ்டெபனோவ் நிரல்பெயர்ப்பின்போதே பிரித்துக் காட்டிய தரத்தை ஜாவா ஏறத்தாழ எட்டாண்டு கழித்து, நிரல் ஓடும்போது சோதித்துக்கொண்டது.

இதற்கிடையில் வன்பொருள் மாறிவிட்டது. செயலி இடைமாற்று நினைவகத்துக்கு வழக்கமாக 64 பைட் துண்டுகளாகத் தரவை இழுக்கிறது. 64 பிட் ஜாவாவில் சுட்டுகளைச் சுருக்கி வைக்கும் வழக்கமான அமைப்பில் ஒரு சுட்டு 4 பைட். ஒரு துண்டில் அணிப் பட்டியலின் 16 சுட்டுகள் வந்துவிடும். தொடுப்புப் பட்டியலின் கணு ஒன்றுக்கே 24 பைட். அடுத்த கணு எங்கே இருக்கிறது என்பது இதைப் படித்த பிறகுதான் தெரியும். 2012இல் ஓர் உரையில், சி++ மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், வரிசை குலையாமல் இடம் தேடி நுழைக்கும் பணியில் அணி பட்டியலை எப்படி மிஞ்சுகிறது என்று விளக்கினார். நுழைப்பது மலிவுதான், இடத்தைத் தேடிப் போகும் நடையே விலை. ஜாவாவின் தொடுப்புப் பட்டியலை எழுதிய ப்ளாக்கும், தாம் அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2015இல் ட்விட்டரில் சொன்னார். வரிசைக்கும் அடுக்குக்கும் வட்ட அணியால் ஆன ‘அரே டெக்’ 2006இலேயே ஜாவாவில் வந்திருந்தது.

ஆனால் இடம் தேடும் நடையே தேவைப்படாத இடங்களில் தொடுப்புப் பட்டியல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாவாவின் ‘லிங்க்டு ஹேஷ்மேப்’பில் திறவுகோலைக் கொடுத்தால் ஹேஷ் அட்டவணை நேராகக் கணுவுக்கே கொண்டுசேர்க்கும், அங்கிருந்து முன்-பின் சுட்டுகளை மாற்றி, அண்மையில் தொட்டதைக் கடைசிக்கு நகர்த்துவது சில அடிகளில் முடிகிறது. லினக்ஸ் கருவகம் சிமுலாவின் பழைய விடைக்கே போயிருக்கிறது. அது சி மொழியில் எழுதப்பட்டது, மரபுரிமம் இல்லை. முன்-பின் சுட்டுகள் கொண்ட சிறு கட்டமைப்பை மரபாகப் பெறாமல் உறுப்பாகவே பதித்துக்கொள்கிறது. மரபு ஒருமுறைதான் கிடைக்கும், உறுப்பை எத்தனை வேண்டுமானாலும் பதிக்கலாம். ஒரு செயலைக் குறிக்கும் கட்டமைப்புக்குள் இப்படிப் பல இணைப்புகள் உண்டு. ஒன்றால் அது தன் தாய்ச் செயலின் பிள்ளைகளின் பட்டியலிலும் மற்றொன்றால் கணினியின் எல்லாச் செயல்களின் பட்டியலிலும் ஒரே வேளையில் நிற்கிறது.