சென்னைக் கல்விச் சங்கமும் மொழிக்குடும்பக் கருத்தும்

புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, அதாவது தமிழ்ப் புலவர் வழக்கில் சென்னைக் கல்விச் சங்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அலுவலர்களுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிப்பதற்காக 1812இல் ஏற்பட்டது. வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் வேண்டிய அலுவலர், தமிழ் வழங்கும் மாவட்டத்திலிருந்து தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ வழங்கும் மாவட்டத்துக்கு மாற்றப்படக்கூடும் என்பதால், ஒரு மொழியில் பெற்ற பயிற்சி அடுத்த மொழிக்கு எவ்வளவு உதவும் என்பது அங்கே நடைமுறைக் கேள்வியாக எழுந்தது. இதற்கு விடை தேடிய முயற்சியே தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்னும் கருத்துக்கு வழிவகுத்தது.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்கலாம் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் கூறிய பின்னர், மொழிகளை வம்சாவளியாக வரிசைப்படுத்தும் நோக்கு வலுப்பெற்றது. ஆயினும் வில்லியம் கேரி உள்ளிட்ட கல்கத்தா வட்டத்து அறிஞர்கள், தெலுங்கு முதலிய தென்மொழிகளில் வடசொற்கள் மலிந்திருப்பதைக் கண்டு, அவற்றையும் சமஸ்கிருதத்தின் வழிவந்தனவாகவே கருதினர்.

இக்கருத்தை மறுப்பதற்கு வேண்டிய கருவி உள்நாட்டு இலக்கண மரபிலேயே இருந்தது. தமிழ்ச் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகத் தொல்காப்பியம் பகுத்திருந்தது. தெலுங்கு இலக்கணிகளோ வடமொழியிலிருந்து மாறாமல் வந்த சொல்லைத் தத்சமம் என்றும், திரிந்து வந்ததைத் தத்பவம் என்றும், நாட்டுக்கே உரியதைத் தேசியம் என்றும், இலக்கணத்துக்கு உட்படாத பேச்சுச் சொல்லைக் கிராமியம் என்றும் வகுத்திருந்தனர். இவை சொல்லின் வரவைக் குறித்த பகுப்புகளேயன்றி மொழியின் பிறப்பைக் குறித்தவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இலக்கணக் கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகர், இப்பகுப்பை அறிந்திருந்தும், தமிழுக்கும் வடமொழிக்கும் இலக்கணம் பெரும்பாலும் பொதுவே என்று வாதிட்டார்.

சென்னைக் கலெக்டரும் கல்லூரியின் முதன்மை அமைப்பாளருமான பிரான்சிஸ் வைட் எல்லிஸ் மொழிகளை வம்சாவளியாகக் காணும் நோக்கையும் உள்நாட்டுச் சொற்பகுப்பையும் இணைத்தார். 1816இல் கேம்ப்பெல் என்பவர் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு அவர் எழுதிய குறிப்பில், கல்லூரியின் தலைமைத் தெலுங்காசிரியர் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தாதுமாலையிலிருந்து தெலுங்கு வினையடிகளை எடுத்து, அவை சமஸ்கிருத வினையடிகளோடு பொருந்தாமையையும் தமிழ், கன்னட வினையடிகளோடு பொருந்துவதையும் காட்டினார். அடுத்து, மாமிடி வெங்கய்யாவின் தெலுங்கு அகராதியான ஆந்திர தீபிகை கூறும் நால்வகைப் பகுப்பைக் கொண்டு தேசியச் சொற்களைப் பிரித்து ஒப்பிட்டார்; இறுதியாக, ஒரே பகுதியை மூன்று மொழிகளிலும் பெயர்த்து, தொடரமைப்பும் ஒத்திருப்பதை நிறுவினார். கடன் பெற்ற சொற்கள் எத்தனை மிகுந்தாலும் அவை மொழியின் பிறப்பை உணர்த்தா என்பது இதன் சாரமாகும்.

அதே கல்லூரி தமிழ் கற்கும் முறையையும் மாற்றியது. நிகண்டையும் நன்னூல் சூத்திரங்களையும் மனப்பாடம் செய்து தொடங்கும் பழைய முறை, குறுகிய காலத்தில் மொழி பயில வேண்டிய வெளிநாட்டு மாணவருக்கு ஒவ்வாதிருந்தமையால், அங்குப் பணியாற்றிய தாண்டவராய முதலியார் இலக்கணத்தை வினாவிடையாக எழுதினார்; 1826இல் வெளிவந்த அவரது பஞ்சதந்திரம் தமிழ் உரைநடைப் பாடநூலாக நெடுங்காலம் நிலைத்தது.

1819இல் இராமநாதபுரத்தில் எல்லிஸ் இறந்தார். தெலுங்கு கற்போருக்கான நூலின் முன்பகுதியில் அடங்கியிருந்த அவரது குறிப்பு பரவலாக அறியப்படாமையால், 1856இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணமே இக்கருத்தின் தொடக்கம் எனப் பலரும் கொண்டனர். துளு முதலியவற்றின் இலக்கணக் கூறுகளையும் விரிவாக ஆராய்ந்த கால்டுவெல்லின் பங்கு பெரிது. எனினும் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, கற்பிப்பதற்காகத் தொகுக்கப்பட்ட சொற்பட்டியல்களைக் கொண்டும் புலவர்களின் இலக்கண அறிவைக் கொண்டும் அடிப்படைச் சான்று வகுக்கப்பட்டுவிட்டது என்பதால், இக்கருத்தின் வரலாற்றில் பட்டாபிராம சாஸ்திரிக்கும் மாமிடி வெங்கய்யாவுக்கும் உரிய இடம் உண்டு.